ரெட் அலர்ட் வரும்வரை ஏத்தன் காத்திருக்காது

கேள்வி: ஐயா, குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் 400 ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் குலை தள்ளிவிட்டது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்கிறார்கள். போனில் பார்த்தால் அதன் கோடு நம்மூரைத் தொடவில்லை, மாவட்டத்துக்கு மஞ்சள் அலர்ட்தான். உரக்கடையில் தண்டு உறுதியாக டானிக் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். குலை தள்ளிய வாழையின் தண்டை இரண்டு நாளில் இறுக்கிவிடும் மருந்து எதுவும் கிடையாது. புயல் செய்தி கேட்டதும் டானிக்கை எடுத்து நீட்டும் கடைக்காரர் செய்வது அநியாயம். அந்தக் காசுக்குக் கயிறு வாங்குங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எப்போது கட்டுவது என்று. மாவட்டத்துக்குத் தினமும் சொல்லும் நிறம் பெரும்பாலும் மழைக்கானது. சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம். வாழையைச் சாய்ப்பதோ காற்று. அதற்கு மீனவர்களுக்கான எச்சரிக்கையைப் படியுங்கள். குமரிக்கடலில் காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 என்று இருந்தால் அன்றே வேலையைத் தொடங்குங்கள். கரையில் வேகம் குறையும்தான், ஆனால் குலை பாரத்தோடு நிற்கும் மரத்துக்கு அதுவே அதிகம். விடாமல் வீசும் காற்று 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயல் என்றே சொல்வார்கள், அதுவரை காத்திருக்காதீர்கள்.

48 மணி நேரம், 24 மணி நேரம் முன்னால் எச்சரிக்கை என்பதெல்லாம் தூரத்தில் உருவாகி வரும் புயலுக்குச் சரி. ஒக்கி புயல் அப்படி வரவில்லை: 2017 நவம்பர் 29 காலை தாழ்வு மண்டலம், 30 காலை புயல். அதன் மையம் நம் கரையில் ஏறவே இல்லை, தெற்கே கடலோடு போனது. இங்கே வாழையும் ரப்பரும் விழுந்து கிடந்தன. போனில் தெரியும் கோடு மையம் போகும் பாதை மட்டும்தான். காற்று அதற்கு வெளியே வெகுதூரம் வீசும்.

அப்புறம், ஒற்றைக் கம்பால் முட்டுக் கொடுப்பதை நம்பாதீர்கள். புயல் நகர நகரக் காற்றின் திசை மாறும், கம்பு நழுவிவிடும். கழுத்துக்குக் கீழே காய்ந்த சருகை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கயிறு போட்டு, மூன்று பக்கமும் பக்கத்து வாழைகளின் அடியில் இழுத்துக் கட்டுங்கள். சருகு வைக்காவிட்டால் ஆடும்போது கயிறு தண்டை அறுக்கும், அந்த இடத்திலேயே ஒடியும். முற்றிய குலைகளை இப்போதே வெட்டிவிடுங்கள். கீழ் இலைகளைக் கழியுங்கள், மேலே எட்டு இலையாவது நிற்கட்டும், இல்லையென்றால் காய் திரளாது. வடிகாலையும் இன்றே வெட்டிவிடுங்கள். மண் ஊறி நின்றால் கயிறு கட்டிய மரமும் வேரோடு சாயும்.