ஏ.ஐ. வந்தால் என் வேலை என்ன ஆகும்? பெங்களூர்க்காரர்களின் கேள்விகள்

17 வருடமாக இங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங். இப்போது ஆள் எடுக்கிற வேலையும் என் தலையில்தான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.யில் தங்கி எட்டு மாதமாக வேலை தேடுகிறேன். ஃப்ரெஷரை யாருமே கூப்பிடுவதில்லை. ஏ.ஐ.தான் காரணமா?

பாதி அதுதான் தம்பி. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்துப் பழக்குவோமே, ப்ரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற சின்னச் சின்ன டெஸ்ட் கேஸ் எழுதுவது, பழைய ப்ரோகிராமில் இரண்டு வரி மாற்றுவது, அதையெல்லாம் இப்போது ஒரு சீனியர் ஏ.ஐ.யை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார். மீதிப் பாதி, 2021, 22-ல் கம்பெனிகள் அள்ளி அள்ளி ஆள் எடுத்ததன் பலன். போன வாரம் இன்டர்வியூவில் ஏ.ஐ. எழுதிய 20 வரி ப்ரோகிராமைக் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேட்டேன். அடுத்த பிறந்தநாளைக் கணக்குப் போடுகிற ப்ரோகிராம், பிப்ரவரி 29-ல் பிறந்தவரின் தேதியைக் கொடுத்தால் படுத்துவிடும். ஆறு பேரில் ஐந்து பேர் "சூப்பரா இருக்கு மேடம்" என்றார்கள். ஒரு பெண் மட்டும் பேப்பரில் தேதிகளை எழுதி எழுதிப் பார்த்தாள். அவளைத்தான் எடுத்தோம்.

அல்சூரில் இருக்கிறேன், கால் சென்டரில் நைட் ஷிஃப்ட். எங்களை மொத்தமாக அனுப்பிவிடுவார்களா?

மொத்தமாக என்று சொல்லமாட்டேன். ஆன்லைன் கடை அமைத்துக் கொடுக்கிற இதே ஊர் துக்கான் கம்பெனி, வாடிக்கையாளர் சேவையில் 90 சதவீதம் பேரை நீக்கிவிட்டு சாட்பாட் வைத்ததாக 2023-ல் அதன் தலைவரே பெருமையாக அறிவித்தார். ஸ்வீடனின் பேமெண்ட் கம்பெனி கிளார்னா, எங்கள் பாட் 700 பேர் வேலையைப் பார்க்கிறது என்று 2024-ல் சொல்லிவிட்டு, தரம் குறைந்ததும் மறுவருடமே மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியது. ஆனால் "பாஸ்வேர்ட் மறந்துபோச்சு" மாதிரி கால்கள் இனி உங்களிடம் வராது. பணம் பிடித்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டே வருகிறவர்களைச் சமாளிக்கிற டீமுக்கு மாறப் பாருங்கள்.

எனக்கு 44 வயது, மேனேஜர். ப்ரோகிராம் எழுதிப் பத்து வருடம் ஆகிறது.

எனக்கு உங்களை நினைத்துத்தான் கவலை சார். டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னபோது, பெரும்பாலும் நடுமட்டமும் மேல்மட்டமும்தான் என்றார்கள். ஏ.ஐ.யால் இல்லை என்றும் சொன்னார்கள். சரி, காரணம் எதுவோ, கீழே இருந்து வருகிற எக்செல்லை மேலே அனுப்புவதற்கு மட்டும் இனி யாரும் சம்பளம் தரமாட்டார்கள். ஹோம் லோன் இருந்தால் முதலில் ஆறு மாத இ.எம்.ஐ.யைத் தனியாக எடுத்து வையுங்கள். கோர்ஸ் எல்லாம் அப்புறம்.

கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம்மா. மகளைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கலாமா?

அவளுக்குக் கணக்கு பிடிக்குமா? பிடித்தால் தாராளமாகச் சேருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காக என்றால் வேண்டாம் அண்ணா.