கேள்வி பதில்: இளவேனில் வந்தது, நகரத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம்

இளவேனில் தொடங்கியதும் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. தும்மல், தூக்கமின்மை, பால்கனிப் புறா, காரின் மேல் பிசுபிசுப்பு என்று குறைகள் பலவாக இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை பருவத்தால் மட்டும் வருபவை அல்ல. நகரத்தில் எந்த மரத்தை நட்டோம், எங்கே விளக்கு வைத்தோம், சுவரில் எந்த இடுக்கைத் திறந்து விட்டோம் என்பதும் அவற்றுக்குக் காரணம். ஆகவே இந்த இதழில் பரிகாரத்தோடு காரணத்தையும் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பூக்கும் பருவம் வந்தால் எனக்கு வாரக்கணக்கில் தும்மலும் மூக்கொழுகலும் இருக்கின்றன. கண்ணும் அரிக்கிறது. வீட்டில் சளி என்கிறார்கள். நண்பர்கள் ஒவ்வாமை என்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது? கிராமத்தில் இருந்தவரை எனக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு சொற்களே விடையைப் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றன: 'வாரக்கணக்கில்', 'அரிக்கிறது'. சாதாரணச் சளி ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் தணிந்துவிடும். அதோடு தொண்டை வலியும் உடம்பு வலியும் சிலருக்குக் காய்ச்சலும் இருக்கும். மகரந்த ஒவ்வாமையில் காய்ச்சல் இராது. அடுக்கடுக்காகத் தும்மல் வரும், மூக்கிலிருந்து தண்ணீர்போலத் தெளிவாக ஒழுகும், கண்ணும் மூக்கும் மேலண்ணமும் அரிக்கும்.

இந்நோயை 1819-இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் தம் உடம்பில் கண்ட குறிகளைக் கொண்டே முதன்முதலில் தெளிவாக விவரித்தார். ஆனால் அதற்கு மகரந்தமே காரணம் என்பதை, மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி சோதனைகளின் வழியே நிறுவி 1873-இல் வெளியிட்டார். இவரும் அந்த நோயாளிதான். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, அவற்றில் ஒட்டிய மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணினார்; பட்டத்தில் கட்டி உயரத்துக்கு அனுப்பியும் பார்த்தார். இன்றும் காற்றில் உள்ள மகரந்தத்தை அளப்பதற்கு அடிப்படை அதே முறைதான்.

நகரத்துக்கு வந்தபின் தொல்லை தொடங்கியதற்குக் காரணங்கள் உண்டு. சாலையும் கட்டடமும் வெப்பத்தைத் தேக்கி வைப்பதால் நகரத்து மரங்கள் சுற்றுப்புறத்தைவிட முன்னதாகவே பூக்கத் தொடங்குகின்றன. வாகனப் புகையின் நுண்துகள்கள் மூச்சுப்பாதையின் உள்தோலைப் புண்படுத்திவிடுவதால், அதன்மேல் படியும் மகரந்தம் கூடுதலாக உறுத்துகிறது. கிராமத்தில் இல்லாத மரவகை ஒன்று உங்கள் தெருவில் வரிசையாக நடப்பட்டிருக்கவும் கூடும்.

செய்ய வேண்டியவை இவை. வெளியே சென்று வந்ததும் முகம் கழுவி உடை மாற்றுங்கள். இரவு படுக்கும் முன் தலைக்குக் குளித்துவிடுங்கள், இல்லையென்றால் முடியில் ஒட்டிய மகரந்தம் முழுவதும் தலையணைக்கு வந்து இரவெல்லாம் மூக்கோடு உறவாடும். துவைத்த துணியை வெளியில் காயப்போட வேண்டாம். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப்பலன் தரச் சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம் வரை பிடிக்கும் என்பதால், பருவம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. பழைய வகை ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் தூக்கத்தைத் தரும்; வண்டி ஓட்டுபவர்கள் தூக்கம் தராத புதிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மூக்கடைப்பை உடனே திறந்துவிடும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். உப்புநீரால் மூக்கைக் கழுவுபவர்கள் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். குழாய் நீர் கூடவே கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இளைப்போ நெஞ்சில் விசில் சத்தமோ இருந்தால் அதை 'வெறும் அலர்ஜி' என்று தள்ளிப் போடாதீர்கள். மெல்போர்னில் 2016 நவம்பரில், அங்கு அது இளவேனில் முடியும் காலம், இடியுடன் கூடிய புயற்காற்றின்போது புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துகள்களாகி நுரையீரலின் உள்வரை சென்றதால், ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தனர். அன்று பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருந்ததே இல்லை. மகரந்தம் மிகுந்த பருவத்தில் இடிமழை வரும்போது ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டுக்குள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பதே பாதுகாப்பு.

கேள்வி: எங்கள் தெரு முழுவதும் பாப்லர் மரங்களிலிருந்து வெள்ளைப் பஞ்சு பறந்து மூக்கிலும் வாயிலும் புகுகிறது. இந்தப் பஞ்சுதானே தும்மலுக்குக் காரணம்? மரங்களை வெட்டச் சொல்லி மனு கொடுக்கலாமா?

பதில்: பஞ்சின் மேல் பழி போடுவது எளிது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. அது பெண் மரத்தின் விதையைச் சுமந்து செல்லும் இழை, மகரந்தம் அன்று. மூக்கினுள் புகுந்தால் உறுத்துமே தவிர, பெரும்பாலோருக்கு ஒவ்வாமையைத் தூண்டுவதில்லை. பஞ்சு பறக்கும் அதே வாரங்களில் கண்ணுக்குத் தெரியாத புல் மகரந்தமும் காற்றில் மிகுந்திருக்கிறது. தும்மலுக்குப் பெரும்பாலும் காரணம் அதுவே.

மனு கொடுக்கும் முன் இதையும் எண்ணிப் பாருங்கள். பாப்லரிலும் வில்லோவிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பஞ்சும் காயும் விழுந்து தெரு குப்பையாகிறது என்ற புகாருக்கு அஞ்சிப் பல நகரங்கள் ஆண் மரங்களையே தேர்ந்து நட்டன. பஞ்சு குறைந்தது, ஆனால் மகரந்தம் முழுவதையும் வெளியிடுபவை அந்த ஆண் மரங்களே. ஆகவே ஒரு மரத்தை எடுக்கச் சொல்லும்போதே, அந்த இடத்தில் எது வரும் என்றும் கேளுங்கள். பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரங்களின் மகரந்தம் கனமும் பிசுக்கும் உடையது, காற்றில் அதிகம் பறக்காது. தெருவுக்கு அத்தகைய மரங்களே உகந்தவை. பஞ்சுக் குவியலுக்கு யாரும் தீ வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது நொடியில் பற்றி, நின்றிருக்கும் வண்டிகள் வரை ஓடும்.

கேள்வி: விடிவதற்கு வெகுநேரம் முன்பே, நடுச்சாமத்தில்கூட, ஜன்னலருகே ஒரு பறவை ஓயாமல் பாடுகிறது. பறவைகளுக்கு இரவு பகல் தெரியாதா?

பதில்: தெரியும், அதைக் குழப்பியவர்கள் நாம். இளவேனில் இனப்பெருக்கக் காலமாதலால் ஆண் பறவை எல்லையை உரிமை கொண்டாடவும் இணையை அழைக்கவும் பாடியாக வேண்டும். வியன்னாவை அடுத்த காட்டோரத்தில் நடந்த ஓர் ஆய்வில், தெருவிளக்குக்கு அருகே வாழும் சில இனப் பறவைகள் இருட்டில் வாழ்பவற்றைவிட முன்னதாகவே பாடத் தொடங்குவது தெரியவந்தது. ஷெஃபீல்ட் நகரில் ராபின் பறவைகளைக் குறித்து 2007-இல் வெளியான ஆய்வு இன்னும் உருக்கமான காரணத்தைச் சொல்கிறது: பகலில் இரைச்சல் மிகுந்த இடங்களில்தான் அவை இரவில் பாடுகின்றன. நம் வண்டிச் சத்தத்தில் தன் குரல் எடுபடாததால், ஊர் அடங்கிய நேரத்தை அந்தப் பறவை தேர்ந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டின் வெளிவிளக்கை இரவில் அணைத்து வையுங்கள்; அணைக்க முடியாவிட்டால் வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடியிடுங்கள். பருவம் முடியும்வரை காதடைப்பானும் மின்விசிறியின் சீரான ஓசையும் துணை செய்யும்.

கேள்வி: ஒரு சிறு பறவை எங்கள் ஜன்னல் கண்ணாடியில் நாள் முழுவதும் மோதிக்கொண்டே இருக்கிறது. அடிபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரியாக நினைத்து விரட்டுகிறது. உட்புறம் திரை போட்டால் பிரதிபலிப்பு கூடுமே தவிரக் குறையாது. வெளிப்புறத்தில் தாளோ துணியோ ஒட்டிச் சில வாரங்கள் விட்டுவையுங்கள்.

கேள்வி: மரநிழலில் நிறுத்தும் என் காரின் மேல் தினமும் பிசின்போல ஏதோ சொட்டுகிறது. மரத்துக்கு நோயா?

பதில்: அது மரத்தின் பிசின் அன்று, பெரும்பாலும் அசுவினியின் கழிவு. ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்: நரம்பை ஒட்டி, கடுகைவிடச் சிறிய பச்சைப் பூச்சிகள் தலை கவிழ்ந்து அசையாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கும், பின்புறத்தில் கண்ணாடி மணிபோல ஒரு துளி திரண்டு நின்று உதிரும். மரத்தின் சாற்றில் சர்க்கரை மிகுதி, உடல் வளர்க்கும் சத்து குறைவு. வேண்டிய சத்துக்காக அவை அளவின்றிக் குடித்து, மிஞ்சும் சர்க்கரையை வெளியேற்றுகின்றன. லிண்டன் மரத்தடியில் இது மிக அதிகம்.

உலர்ந்த பிசுபிசுப்பைச் சுரண்டினால் பெயின்டில் கீறல் விழும். வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் போட்டுவைத்து, ஊறியபின் துடையுங்கள். நாட்கணக்கில் விட்டால் அதன்மேல் கரும்பூஞ்சை படரும். பூத்திருக்கும் மரத்தில் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். தேனீக்களும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் அதில் மடியும். சர்க்கரைக்காக எறும்புகள் அசுவினியைக் காவல் காக்கின்றன. அடிமரத்தைச் சுற்றி ஒட்டுப்பட்டை கட்டி எறும்புகளைத் தடுத்தால் பொறிவண்டுகள் தம் வேலையைப் பார்க்கும்.

கேள்வி: ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் புறா முட்டையிட்டிருக்கிறது. எச்சமும் நாற்றமும் தாங்கவில்லை. எடுத்து எறிந்துவிடலாமா?

பதில்: வேண்டாம் என்றே சொல்வோம். பறவைக் கூடுகளைக் கலைப்பது பல நாடுகளில் சட்டத்துக்கு எதிரானது. மேலும், இடத்தை அடைக்காமல் முட்டையை மட்டும் எடுத்தால் அதே இணை விரைவிலேயே மீண்டும் முட்டையிடும். இரண்டு முட்டைகள் பொரியப் பதினெட்டு நாட்கள். குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம். அதுவரை பொறுத்து, கூடு காலியான அன்றே இடத்தைச் சுத்தம் செய்து வலையடித்துவிடுங்கள்.

சுத்தம் செய்யும் முறை முக்கியம். உலர்ந்த எச்சத்தை ஒருபோதும் பெருக்காதீர்கள். அதிலுள்ள பூஞ்சை வித்துகளும் நுண்ணுயிர்களும் தூசியோடு நுரையீரலுக்குள் போகும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புநீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்தெடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: குடியிருப்பின் வாசற்கம்பத்தில் திடீரென்று ஆயிரக்கணக்கான தேனீக்கள் கொத்தாகத் தொங்குகின்றன. புகை போடலாமா?

பதில்: புகை, தண்ணீர், கல், மருந்து எதுவும் வேண்டாம். கூட்டில் இடம் போதாதபோது பழைய ராணி ஒரு பெரும் கூட்டத்தோடு வெளியேறி, புது வீடு கிடைக்கும்வரை இப்படித் தங்கும். வேவு பார்க்கும் தேனீக்கள் இடம் கண்டு வந்து, நடனத்தால் திசையும் தொலைவும் சொல்லி, கூட்டம் உடன்பட்டதும் எல்லாம் ஒன்றாகப் பறந்துவிடும். சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகலாம். காப்பதற்குத் தேனும் குஞ்சும் இல்லாததால் இந்நிலையில் அவை எளிதில் கொட்டுவதில்லை. ஆயினும் எல்லாத் தேனீ வகைகளும் சாது அல்ல. ஆகவே அந்த வாயிலை மூடி, குழந்தைகளை விலக்கி, தேனீ வளர்ப்பவர் ஒருவரை அழையுங்கள். சுவரிடுக்கில் புகுந்து அடை கட்டத் தொடங்கிவிட்டால் அவை அதைக் காக்கும், தாமதிக்காதீர்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் எனக்கு மகரந்த ஒவ்வாமை, பக்கத்து இருக்கைக்காரருக்குப் புழுக்கம். ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாகத் தினமும் மனத்தாங்கல். யார் விட்டுக்கொடுப்பது?

பதில்: புழுக்கத்துக்கு மாற்றுவழி உண்டு, மூச்சுத் தொல்லைக்கு அவ்வளவு இல்லை, ஆகவே உங்கள் பக்கமே நியாயம் கூடுதல். ஆனாலும் நாள் முழுவதும் மூடிக்கிடக்கும் அறை யாருக்கும் நல்லதன்று. நல்ல மழை பெய்து ஓய்ந்தபின் மகரந்தம் பெரும்பாலும் அடங்கியிருக்கும், அப்போது தாராளமாகத் திறக்கலாம். உலர்ந்து காற்றடிக்கும் நாளில் மூடிவைத்து, அவருக்கு மின்விசிறியும் உங்களுக்கு ஜன்னலிலிருந்து விலகிய இருக்கையும் நிர்வாகத்திடம் இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.