48,000 ரூபாய் செட் வேண்டாம். ஊராட்சி நூலகத்தின் சாவியைக் கேளுங்கள்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். இப்போது வீட்டுத் திண்ணையிலேயே தினமும் மாலையில் 24 பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். வாய் பிளந்து கேட்கிறார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுந்து ஓடிவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 6 பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். போன மாதம் ஒருவர் வந்து 500 புத்தகம், இரும்பு அலமாரி, டிரஸ்ட் பதிவு, தன்னார்வலர் சான்றிதழ் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் என்றார். பதிவு இல்லாமல் நூலகம் நடத்தினால் சட்டச் சிக்கல் வருமாம். பதிவு செய்தால், கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் வருமாம். ஊரில் வசூலித்துத் தரத் தயாராக இருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். சொந்தத் திண்ணையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்ட எந்தப் பதிவும் தேவையில்லை. டிரஸ்ட் வேண்டாம், சங்கம் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும், கூட இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்.

சிஎஸ்ஆர் பணம் வரும் என்றாரே, அது சுத்தப் பொய். 2021-இல் வந்த விதிப்படி, அந்தப் பணத்தை வாங்கிச் செலவு செய்யும் வெளியார் டிரஸ்டுக்கு வருமான வரித் துறையின் வரிவிலக்குப் பதிவுகள் (12ஏ, 80ஜி) வேண்டும். அதே மாதிரி வேலையைக் குறைந்தது 3 ஆண்டுகள் செய்துவந்ததற்கான ஆதாரமும் வேண்டும். இன்று பதிவு செய்யும் டிரஸ்டுக்கு நாளை மறுநாள் கம்பெனிப் பணம் எங்கிருந்து வரும்? இது அந்தத் தரகருக்கு நன்றாகவே தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். பத்திரம் எழுதும் செலவை நான்கு மடங்காக்கி உங்கள் தலையில் கட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிறகு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம் என்று நீங்கள்தான் அலைய வேண்டும்.

அந்த 500 புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படி வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளை மூன்று ஊர்களில் நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். பழைய பாடத்திட்டத்துக் கைடுகள், பொது அறிவு வினா விடை, பொடி எழுத்தில் தலைவர்களின் வரலாறு, ஒரே கோலப் புத்தகத்தில் இருபது பிரதி. கிடங்கில் விற்காமல் கிடந்ததை எடைக்கு வாங்கி, எண்ணிக்கைக்கு விற்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை விரும்பி எடுக்கக்கூடிய புத்தகம் ஒரு பெட்டியில் பத்துகூடத் தேறவில்லை. புத்தகப் பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் தர மறுக்கும் எவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இனி எத்தனை பேர் வந்தாலும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கட்டும்: பட்டியல் எங்கே?

24 பிள்ளைகளுக்கு 50 புத்தகம் போதும். பெரும்பாலும் படமாகவும் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியாகவும் 20. நாலைந்து வரி உள்ளவை 20. கொஞ்சம் நீளமான கதைகள் 10. நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், துலிகா ஆகியோரின் பட்டியல்களிலிருந்து நீங்களே தேர்ந்தெடுங்கள். மாவட்டப் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது பிள்ளைகளில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் கை எதை எடுக்கிறது என்று பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில் இருக்கின்றன. இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், அதற்கு உரிமம் இருக்கிறது. பக்கத்து ஊர் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து நடுவில் தைத்துக்கொண்டால் புத்தகம். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்து, 2023-இல் தொடங்கிய இயக்கம் அது. தலைமை ஆசிரியரைப் பார்த்து மாலையில் இரவல் கேளுங்கள்.

கேட்டவுடன் கொடுப்பாரா என்றால், தயங்குவார். அவர்மேல் கோபப்படாதீர்கள். நம் பள்ளிகளில் புத்தகம் என்பது இருப்புப் பதிவேட்டில் உள்ள சாமான். மேசை, நாற்காலி மாதிரி. தணிக்கையில் ஒன்று குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் 11 புத்தகம் குறைந்தது என்று என்னிடமே பணம் கட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த புத்தகங்கள் அவை. அதற்கு அடுத்த ஆண்டு அந்தப் பீரோவுக்குப் பூட்டு வந்தது. படித்துக் கிழிந்த புத்தகத்தைச் செலவில் எழுதிக் கழித்துவிட அன்றைக்கு ஒருவருக்கும் மனம் வரவில்லையே என்பதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. நாம் சொத்துவரி கட்டும்போது கூடவே நூலக வரியும் கட்டுகிறோம். 1948-இல் இயற்றிய நூலகச் சட்டத்தின்படி வரும் வரி அது. அந்தப் பணத்துக்கு உங்கள் ஊர்ப் பிள்ளையும் உரிமைக்காரர்.

அதனால்தான் சாவியைக் கேளுங்கள் என்கிறேன். 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் அமைத்தார்கள். உங்கள் ஊரிலும் அந்தக் கட்டடம் இருக்க வேண்டும். பல ஊர்களில் அது பூட்டிக் கிடக்கிறது, சில இடங்களில் சாமான் போட்டு வைக்கும் அறையாகிவிட்டது. அது ஊரக வளர்ச்சித் துறையின் கையில் இருக்கிறது, பொது நூலகத் துறையின் கையில் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாவட்ட நூலக அலுவலகத்துக்கு மனு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். நீங்கள் போக வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகம். தலைவர் இருந்தால் தலைவர், இல்லையென்றால் தனி அலுவலர். கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவதில், ‘தினமும் மாலை 5 முதல் 6 வரை ஊராட்சி நூலகத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவைக்க வேண்டும், சாவி இன்னாரிடம் இருக்கும்’ என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஏழெட்டுத் தாய்மார்களைக் கூடவே அழைத்துப் போங்கள். தீர்மான நகல் கையில் இருந்தால், நாளைக்கு ஆள் மாறினாலும் சாவி உங்களிடம் இருக்கும்.

பக்கத்தில் பொது நூலகத் துறையின் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால், நூலகரிடம் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். நேரில் வர முடியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் எடுத்துச் சென்று கொடுக்கும் திட்டம் அது.

சரி, பிள்ளைகள் ஏன் ஓடுகிறார்கள்? புத்தகம் பிடிக்காமல் இல்லை. படிக்கத் தெரியாதது நாலு பேர் முன்னால் தெரிந்துவிடுமே என்று ஓடுகிறார்கள். உங்கள் ஊரில் மட்டும் இப்படி இல்லை. பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பில், 2024-இல், நாட்டின் கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரால்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியவில்லை. கதையை வாயால் சொல்வதைக் கொஞ்சம் குறைத்து, புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே படித்துக் காட்டுங்கள். ஒரே புத்தகத்தை நாலு நாள் படியுங்கள். மூன்றாம் நாள் அவர்களே உங்களுக்கு முன்னால் சொல்ல ஆரம்பிப்பார்கள். மனப்பாடமாகச் சொன்னால் தடுக்காதீர்கள். வாயில் இருக்கும் சொல்லைக் கண் தாளில் தேடும், எழுத்து பிடிபடுவது அப்படித்தான்.

அந்த 6 பேரைத் தனியாக, தினமும் 15 நிமிடம் உட்கார வையுங்கள். 247 எழுத்தையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள், அந்த அவமானத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தாங்காது. எங்கே தடுக்குகிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் கொம்பில் தடுக்கும். ‘கொ’ என்று எழுதினால் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், ஒலி மட்டும் ஒன்று. பிள்ளை அதைக் ‘கெ’ என்று தொடங்கிவிட்டுக் காலைப் பார்த்ததும் திகைத்து நிற்கும். அடுத்து உகரம், ஊகாரம்: கு, டு, து, பு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் தடுமாறும். அந்த எழுத்துகள் வரும் பத்துச் சொற்களை அவர்கள் ஊரிலிருந்தே எடுங்கள்: கொய்யா, கோழி, குளம், தூண்டில், பூசணி. அட்டையில் எழுதி விளையாட விடுங்கள்.

‘போய்க்கொண்டிருந்தான்’ என்று அச்சில் இருப்பதைப் பிள்ளை ‘போயிக்கிட்டு இருந்தான்’ என்று வாசித்தால் தயவுசெய்து திருத்தாதீர்கள். பொருள் புரிந்ததால்தான் அந்தப் பிள்ளையால் அப்படி மாற்ற முடிந்தது. பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கக் காலத்தில் அவர்களிடம் நான் கற்றுக்கொண்ட பாடம் இது. திருத்தத் திருத்த வாயை மூடிக்கொண்டார்கள், விட்டுவிட்ட பிறகு வாசித்தார்கள்.

இந்த முறை ஒத்துவராத பிள்ளைகளும் உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைக் கவனிக்காமல் விட்டதால் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் நஷ்டம் ஆனதைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகும் பிள்ளை, தலையைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளை, வரி தாவும் பிள்ளை, கொஞ்ச நேரத்தில் கண்ணில் நீர் வழியும் பிள்ளை, தலைவலி என்று எழுந்துபோகும் பிள்ளை. இவர்களுக்கு எழுத்து தெரியாதது மட்டுமல்ல, கண் பார்வையிலேயே குறை இருக்கலாம். அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு அதே சொல்லை எழுதிக் காட்டுங்கள். பெரிதாக எழுதியதைப் படித்து, புத்தகத்தில் இருப்பதைப் படிக்கவில்லை என்றால் அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். அரசுப் பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் காட்டலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் இருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகு ‘கேலி செய்கிறார்கள்’ என்று கழற்றி வைத்துவிடுவார்கள். அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது. திண்ணைக்கு வரும்போதாவது போட வையுங்கள். கண் சரியாக இருக்கிறது, காது கேட்கிறது, கேட்ட கதையை அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்கிறது, ஆனால் நாலு மாதம் விடாமல் பழகியும் நேற்றுப் படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்க்கிறது என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். டிஸ்லெக்சியா என்று சொல்வார்களே, அதுவும் இந்த வகைதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை அங்கீகரித்திருக்கிறது. நீங்களாக அந்தப் பெயரை அந்தப் பிள்ளைமேல் ஒட்டாதீர்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பெற்றோரை அங்கே அனுப்புங்கள். ‘மூன்று மாதத்தில் குணமாக்குகிறோம்’ என்று பணம் கேட்கும் ‘தெரபி’ நிலையங்கள் இப்போது சிறு நகரங்களிலும் முளைத்திருக்கின்றன. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும். திண்ணையில் ஒரு மணி நேரம் படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினால் உங்களுக்கும் அந்தப் பள்ளிப் பீரோவுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பிள்ளை பெயர், புத்தகத்தின் பெயர் எழுதினால் போதும். எழுதுவதும் பிள்ளைகளாகவே இருக்கட்டும். தொலைந்தால் அபராதம் போடாதீர்கள். கிழிந்தால் பசை போட்டு ஒட்ட அவர்களையே உட்கார வையுங்கள். கிழிந்துபோன புத்தகம் எதுவோ அதில் இன்னொரு பிரதி வாங்குங்கள், அதைத்தான் அவர்கள் விரும்பிப் படித்திருக்கிறார்கள்.

ஊரில் வசூல் செய்வதாக இருந்தால் 6,000 ரூபாய் போதும் என்று சொல்லுங்கள். புத்தகம், அட்டை, ஜெராக்ஸ் எல்லாம் அதற்குள் முடியும். யார் எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குச் செலவானது என்பதைத் திண்ணைச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நாற்பது பக்க நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் புத்தகம் அதிகமாக வெளியே போயிருக்கிறது என்று பார்த்து, அடுத்து வாங்க வேண்டியதைச் சேர்ந்து முடிவு செய்வோம்.