ரீஸ்டார்ட் ஆனால் பில் போட முடியவில்லை: புதிய கணினி வாங்க வேண்டுமா?

கேள்வி: சிறிய மருந்துக்கடை நடத்துகிறேன். 2019இல் வாங்கிய, ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் விண்டோஸ் 11 போட்டு, அதில் பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். இரவு ஷட்டவுன் செய்து காலையில் திறந்தால் ஒரு சிக்கலும் இல்லை. அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆகும் நாட்களில் மட்டும் 'டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை' என்று வருகிறது. பழுது பார்ப்பவர் வந்து எதையோ ஸ்டார்ட் செய்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பணம் வாங்கிச் செல்கிறார். கணினியை மாற்றுங்கள், இல்லையென்றால் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள் என்று இப்போது சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ரீஸ்டார்ட் ஆனால் மட்டுமே கோளாறு வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே பாதி விடையைத் தந்துவிடுகிறது.

உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் தகவல்களை எல்லாம் ஒரு டேட்டாபேஸில் வைக்கிறது. பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வராக இருக்கும். திரையில் எதுவும் காட்டாமல் பின்னணியில் ஓடும் 'சர்வீஸ்' அது. விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியில், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதியும் சர்வீஸ்களும் உண்மையில் மூடப்படுவதில்லை. அவற்றின் அப்போதைய நிலை டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே மீட்டெடுக்கப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அந்த நேரத்தில் அப்டேட்டின் மிச்ச வேலை, ஆன்ட்டிவைரஸின் சோதனை, மற்ற சர்வீஸ்கள் என எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கை மொய்க்கும். தொடங்கும் சர்வீஸ் பதில் சொல்ல விண்டோஸ் வழக்கமாகத் தரும் அவகாசம் 30 விநாடிகள். அதற்குள் பதில் வரவில்லை என்றால், தொடங்கவில்லை என்று குறித்துவிட்டு அது அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இது ஊகமா உண்மையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை கோளாறு வரும்போது, ஸ்டார்ட் மெனுவில் 'ஈவன்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்' என்பதைப் பாருங்கள். உங்கள் டேட்டாபேஸ் சர்வீஸின் பெயரோடு 7009, 7000 என்ற எண்கள் அடுத்தடுத்து இருந்தால், நேரம் போதாமல் போனதுதான் காரணம். 7038 என்ற எண் இருந்தால் கதை வேறு: அந்த சர்வீஸ் ஏதோ ஒரு பயனர் கணக்கில் இயங்குகிறது, பெரும்பாலும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் மாறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை கணினி மாற்றினாலும் பயனில்லை.

நேரம்தான் காரணம் என்றால் தீர்வுக்குச் செலவே கிடையாது. டேட்டாபேஸை ஒரு பென்டிரைவில் பேக்கப் எடுத்துவிட்டு, 'சர்வீசஸ்' என்ற பக்கத்தைத் திறந்து, அந்த சர்வீஸின் 'ஸ்டார்ட்டப் டைப்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' என்பதிலிருந்து 'ஆட்டோமேட்டிக் டிலேய்ட் ஸ்டார்ட்' என மாற்றுங்கள். மற்ற சர்வீஸ்கள் தொடங்கிச் சுமார் 2 நிமிடம் கழித்து, நெரிசல் குறைந்த பிறகு அது தொடங்கும். அதுவரை பில் போடப் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே இடத்தில் உள்ள 'ரெக்கவரி' பகுதியில், முதல் இரண்டு தோல்விகளுக்கும் 'ரீஸ்டார்ட் த சர்வீஸ்' என்று வைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் இடையில் நின்றுபோனால் இது உதவும். ஒவ்வொரு முறையும் வந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தியவர் இதை ஒரே நாளில் செய்து முடித்திருக்கலாம் என்பதே என் கருத்து.

இதன் பிறகும் கணினி மந்தமாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா இணைப்பு வகை எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள், புதிய கணினியின் விலையில் அது சிறு பங்குதான். ஆன்ட்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் இலவசமானது, உங்கள் தேவைக்கு அது போதும்.

புதிய கணினிதான் வேண்டும் என்று முடிவு செய்தால், ஓர் எச்சரிக்கை. சில புதிய என்.வி.எம்.இ. டிஸ்க்குகள் (அதிவேக எஸ்.எஸ்.டி. வகை) தம் செக்டர் அளவு, அதாவது தகவலை எழுதும் சிறு துண்டின் அளவு, 4096 பைட்டுக்கு மேல் என்று விண்டோஸ் 11இடம் தெரிவிக்கின்றன, எஸ்.க்யூ.எல். சர்வர் 512, 4096 ஆகிய அளவுகளை மட்டுமே ஏற்பதால், அத்தகைய கணினியில் அதன் சர்வீஸ் தொடங்கவே தொடங்காது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இதற்கு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) செய்யும் மாற்றம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. எனவே உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரை நிறுவி, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து காட்டிய பிறகே முழுப் பணமும் தருவேன் என்று கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10இல் இருப்பவர்களின் நிலை வேறு: அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியை மாற்றுவதில் நியாயம் உண்டு.

பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், 'சாஃப்ட்வேர் கோளாறும் அடங்கும்', 'இத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும்' என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வணிக நோக்கில் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொது விதி. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதில் விலக்கு உண்டு. நீங்களே கடையில் உட்கார்ந்து நடத்துபவர் என்றால், சேவைக் குறைபாட்டுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கு ரசீது வேண்டும். இதுவரை கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கவில்லை என்றால், இனிமேலாவது என்ன கோளாறு, என்ன செய்யப்பட்டது என்று எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.