வாசகர் கேள்வி: அரபு மொழி பேசுவோருக்கு ஓர் உதவி மையம்

கேள்வி: சிகிச்சைக்காக ஓமன், இராக் போன்ற நாடுகளிலிருந்து சென்னைக்கு வந்து, மருத்துவமனைகளை ஒட்டிய வாடகை அறைகளில் வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்காக ஒரு மையம் தொடங்கலாமா என்று எங்கள் பங்குப்பேரவையில் பேசிவருகிறோம். அங்கேயே பல்சமய உரையாடலும் நடத்த வேண்டும் என்கிறார்கள் சிலர். மதமாற்ற முயற்சி என்று பேச்சு எழுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. இதற்கு முன்மாதிரி உண்டா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: உண்டு, அதுவும் அரபு மண்ணிலேயே. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையினர் 1889இல் தொடங்கிய அரேபிய மிஷன் சமயம் பரப்பத்தான் புறப்பட்டது. ஆனால் இன்றும் அந்த மண்ணில் நிலைத்திருப்பது, பஹ்ரைனில் 1903இல் அவர்கள் திறந்த மருத்துவமனையைப் போன்ற பணிகளே. மஸ்கட்டில் அதே மரபில் வந்த அல் அமானா மையம், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்கென்றே இயங்குகிறது. 'அமானா' என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டது என்று பொருள். நம் ஊர் முஸ்லிம்கள் 'அமானிதம்' என்பது இச்சொல்லைத்தான்.

உங்கள் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. இன்று ஐதராபாத்தில் சமய நல்லுறவுக்காக உழைக்கும் ஹென்றி மார்ட்டின் நிறுவனம், 1930இல் லாகூரில் தொடங்கப்பட்டபோது, முஸ்லிம்களிடையே ஊழியம் செய்வோரைப் பயிற்றுவிக்கும் இடமாகத்தான் இருந்தது. அந்தப் பழைய வரலாற்றை அறிந்தவர்கள் ஐயப்படுவதைக் குறை சொல்ல முடியாது. ஆகவே உதவியையும் உரையாடலையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரின் மகன், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்பதற்காக உங்கள் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தால், அதை அவர் விரும்பி வந்த உரையாடலாகக் கொள்ள இயலாது.

மையத்துக்கு முதலில் வேண்டியவர் நல்ல மொழிபெயர்ப்பாளர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபுத் துறையிலும் இராயப்பேட்டை புதுக்கல்லூரியிலும் விசாரியுங்கள். ஆனால் நூல்களில் படித்த அரபு வேறு, மஸ்கட்டிலும் பாக்தாதிலும் வீட்டில் பேசும் அரபு வேறு என்பதால், அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நம்மவர் ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்வதை எக்காரணம் கொண்டும் நோயாளியின் குழந்தைகளைக் கொண்டு மொழிபெயர்க்க விடாதீர்கள். மருத்துவமனைக் கட்டண ரசீதை வரிவரியாக விளக்குவது, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு உடன் செல்வது, ஹலால் உணவு கிடைக்கும் இடத்தைக் காட்டுவது, தொழுகைக்குத் திசை சொல்வது (சென்னையிலிருந்து மேற்கே, சற்று வடக்காக) ஆகியவையே போதுமான பணி.

உரையாடலை வேறொரு நாளில், வேறோர் இடத்தில், உள்ளூர் முஸ்லிம்களோடு தொடங்குங்கள். திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருவோருக்கு, மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல ஆண்டுகளாக உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாத அந்தப் பணியை, நம் நகரில் நடக்கும் பல கருத்தரங்குகளைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

கேள்வி: அரபுக் கிறிஸ்தவர்களும் கடவுளை 'அல்லாஹ்' என்றே அழைப்பது உண்மையா?
– ஒரு வாசகி, சாந்தோம்

பதில்: உண்மை. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கும் லெபனானின் மரோனைட் கிறிஸ்தவர்களுக்கும் கடவுளைக் குறிக்க அந்தச் சொல்தான். பெய்ரூத்தில் 1865இல் நிறைவுற்ற, இன்றும் பரவலாக வாசிக்கப்படும் அரபு விவிலியத்திலும் அதுவே இருக்கிறது. மரியாவின் பெயரைத் தாங்கிய அத்தியாயம் ஒன்று, பத்தொன்பதாவதாக, குர்ஆனில் உள்ளது என்பதையும் உங்கள் பங்கு மக்களுக்குச் சொல்லலாம். லெபனானில் 2010 முதல், கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன மார்ச் 25ஆம் நாள், இரு சமயத்தாருக்கும் பொதுவான தேசிய விடுமுறையாக இருந்துவருகிறது.