பிரசவத் திட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: எனக்கு இது 34ஆவது வாரம். பிரசவத் திட்டத்தில் என்னென்ன எழுத வேண்டும்?
- வாசகி, திருச்சி

பதில்: பிரசவத் திட்டம் என்பது பிரசவத்தின்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று மருத்துவமனைக்கு எழுதித் தரும் தாள். ஒரே பக்கம் போதும், நீட்டினால் லேபர் வார்டில் யாருக்கும் படிக்க நேரமிருக்காது. முதல் வரியில் ரத்த வகை, ஒவ்வாமை. உங்களுக்கு நெகட்டிவ் வகை, குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தில் ரத்த வகை மோதலைத் தடுப்பது) போட வேண்டும். அதைத் தனியாக அடிக்கோடிடுங்கள். உடனிருக்கப்போவது யார்? எபிடியூரல் (முதுகு வழியாகத் தரும் வலி குறைப்பு மருந்து) வேண்டுமென்றால், இரவிலும் மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா என்று இப்போதே கேளுங்கள். குழந்தை நலமாக இருந்தால் தொப்புள்கொடியை 1 நிமிடமாவது கழித்து வெட்டவும், முதல் 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தரவும் கேட்கலாம்.

பலரும் விட்டுவிடுவது சிசேரியன் பகுதியைத்தான். அப்போது குழந்தை யார் கையில் இருக்கும் என்று எழுதுங்கள். சேனை (பிறந்த குழந்தையின் நாக்கில் தேன், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது) வைக்கக் கூடாது என்பதைத் தாளில் எழுதினால் போதாது, வீட்டுப் பெரியவர்களிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்!