சி6 கழுத்தில் வெஸ்டர்ன் ஸ்விங்: கேள்வி பதில்

பெடல் ஸ்டீல் என்பது தந்திகளின் மேல் உலோகப் பாரை நகர்த்தி, காலால் பெடல் மிதித்துச் சுரம் மாற்றி வாசிக்கும் கிடைமட்ட கிட்டார். ‘கழுத்து’ என்பது அதில் ஒரு தந்தி வரிசை; சி6, இ9 இரண்டும் அதன் சுருதி அமைப்புகள். இன்று பத்துத் தந்தி பெடல் ஸ்டீலின் சி6 கழுத்தும் அதில் வெஸ்டர்ன் ஸ்விங் (அமெரிக்க நாட்டுப்புற இசையும் ஜாஸும் கலந்த நடன இசை) வாசிப்பதும் மட்டும். எந்தப் பிராண்ட் வாங்கலாம், என்ன விலை என்ற கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

கேள்வி: சார், இ9 ரெண்டு வருஷமா வாசிக்கிறேன். சி6 கழுத்துக்குப் போனா திக்குத் தெரியல. பெடல் எல்லாம் எதுக்குன்னு சொல்லுங்க.

பதில்: முதலில் சுருதி. மேலிருந்து, அதாவது முதல் தந்தியிலிருந்து: ஜி, இ, சி, ஏ, ஜி, இ, சி, ஏ, எஃப், சி. முதல் தந்தியை டி ஆக வைப்பவர்களும் உண்டு. இரட்டைக் கழுத்துக் கருவியில் முதல் மூன்று பெடல் இ9க்குப் போய்விடுவதால் சி6 பெடல்களின் எண் 4இல் தொடங்கும்.

பெடல் 4: இரண்டு ஏ தந்தியும் பி ஆகும். பெடல் 5: 5ஆம் தந்தி ஜி இறங்கியும், 9ஆம் தந்தி எஃப் ஏறியும் எஃப் ஷார்ப் ஆகும். பெடல் 6: 2ஆம் தந்தி இ, எஃப் ஆகும், 6ஆம் தந்தி இ, இ ஃபிளாட் ஆகும். பெடல் 7: 3ஆம் தந்தி சி, டி ஆகும், 4ஆம் தந்தி ஏ, பி ஆகும். பெடல் 8: 7ஆம் தந்தி சி ஷார்ப், 9ஆம் தந்தி இ, 10ஆம் தந்தி ஏ.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். பாரை 7ஆம் ஃபிரெட் கோட்டின் மேல் வைத்து 5, 6, 7 தந்திகளை மட்டும் மீட்டுங்கள். பெடல் இல்லாமல் ஜி6 கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம். பெடல் 8 மிதித்தால் இ7. அதை விட்டு 5 மிதித்தால் ஏ9. பாரை 9க்கு நகர்த்திப் பெடல் 6 மிதித்தால் டி9. திரும்ப 7, பெடல் இல்லை, ஜி6. ஸ்விங் பாட்டுகளில் பாதிக்கு முடிவடி இதுதான். பாரை ஒரே ஒரு முறைதான் நகர்த்தித் திரும்பினீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. 9ஆம் ஃபிரெட்டில் பெடல் 6 மிதித்து அந்த மூன்று தந்தியை மட்டும் மீட்டினால் ஏ, சி, இ. அது வெறும் ஏ மைனர். டி9க்கு வேண்டிய எஃப் ஷார்ப் 8ஆம் தந்தியில் இருக்கிறது. கட்டைவிரலால் 8, 7 இரண்டையும் சேர்த்து உரசுங்கள். அடிநாதமான டி பற்றிக் கவலை வேண்டாம், பாஸ்காரர் இருக்கிறார்.

அடுத்தது: அதே 7ஆம் ஃபிரெட்டில் பெடல் 6 மட்டும் என்றால் சி9. 5ஐயும் சேர்த்து மிதித்தால் சி ஷார்ப் டிமினிஷ்ட். இரண்டையும் விட்டால் ஜி6. பாட்டின் நடுப்பகுதியான பாலத்திலிருந்து (பிரிட்ஜ்) வீட்டுக்கு வரும் அந்தப் பழைய வழி, பார் அசையாமலே கிடைக்கிறது.

கேள்வி: நீங்க சொன்ன கார்டு எல்லாம் சரியா வருது. ஆனா ஸ்விங் மாதிரி இல்ல, சோகப் பாட்டு மாதிரி இருக்கு.

பதில்: மீட்டிய பிறகு மிதிக்கிறீர்கள். இ9 பழக்கம். சுரம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே வளைந்தால் அது அழுகை. ஸ்விங்கில் கார்டு முழுதாக வந்து விழ வேண்டும்: மிதி, பிறகு மீட்டு, உடனே உள்ளங்கை ஓரத்தால் அடக்கு, அந்த மௌனத்தில் அடுத்த பெடலுக்கு மாறு. மெட்ரோனோம் 60இல் வைத்து 2, 4 அடிகளில் மட்டும் மீட்டிப் பழகுங்கள். 1, 3 அடிகள் கால் மாற்றுவதற்கு.

விதிவிலக்கு பெடல் 8. 10ஆம் தந்தியை மீட்டிவிட்டு மெதுவாக மிதித்தால் அடிச் சி வழுக்கி ஏ ஆகும். அதனால்தான் அதற்குப் ‘பூ-வா’ பெடல் என்று பெயர். ஒரு பாட்டுக்கு ஒரு முறை போதும்.

கேள்வி: தந்தி கனம்?

பதில்: அங்குலக் கணக்கில், முதல் தந்தியிலிருந்து: .012, .014, .017, .020, பிறகு சுற்றுத் தந்திகள் .024, .030, .036, .042, .054, .070. முதல் தந்தி டி என்றால் .015.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒற்றைக் கழுத்து இ9 மட்டும். ஸ்விங் முடியுமா?

பதில்: முடியும். இ தந்திகளை இ ஃபிளாட்டுக்கு இறக்கும் முழங்கால் லீவர் இருக்கிறதல்லவா? அதைப் பிடித்தபடியே இருங்கள். 9ஆம் தந்தியைத் தவிர்த்தால் மிச்சமெல்லாம் பி6. ஆகவே 8ஆம் ஃபிரெட்டில் ஜி6. லீவரை விடாமல் நடுவில் உள்ள பி பெடலை மிதித்தால் ஜி6 இருந்த இடத்தில் ஜி7. முழங்கால் வலிக்கும். வலித்தால் இருக்கை உயரத்தைப் பாருங்கள்; தொடை தரைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

கேள்வி: சித்திரவீணை கொஞ்சம் வாசிப்பேன். அது உதவுமா?

பதில்: காது உதவும். மெட்டு (ஃபிரெட்) இல்லாத இடத்தில் சுருதி நிற்கும் இடத்தைத் தேடிப் பழகிய காது பெரிய சொத்து. கை உதவாது. அங்கே ஒரு நேரத்தில் ஒரு சுரம். இங்கே நான்கு தந்தி, பார் ஃபிரெட் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கார்டு கெடும். கமகத்தை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: எந்தப் பெடல் எந்தக் கார்டு, ஒரு லிஸ்ட் தர முடியுமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: மன்னிக்கணும், அடிப்படையே தப்பு. வெஸ்டர்ன் ஸ்விங்கில் பெடலே கிடையாது. ஆரம்ப கால ஸ்டீல்காரர்கள் பாப் டன், லியான் மெக்காலிஃப் யாரும் பெடல் மிதிக்கவில்லை. பெடல் வந்ததும் அந்த இசையின் எலும்பு போய்விட்டது.

பதில்: பாதி சரி. 1935 ஜனவரியில் மில்டன் பிரவுன் குழுவோடு பாப் டன் மின் ஸ்டீலைப் பதிவு செய்தபோது பெடல் இல்லை. 1936இல் பாப் வில்ஸ் குழுவில் மெக்காலிஃப் பதிவு செய்தபோதும் இல்லை. ஆனால் 1948லேயே கருவி செய்பவரான பால் பிக்ஸ்பி, ஸ்டீல்காரர் ஸ்பீடி வெஸ்ட்டுக்குப் பெடல் வைத்துக் கருவி செய்து கொடுத்துவிட்டார். ‘கிடையாது’ என்பது மிகை.

அதே நபர்: வெஸ்ட் விதிவிலக்கு. பாரைச் சாய்த்துப் பிடித்தே எல்லாம் வாசிக்கலாம்.

பதில்: சாய்த்தால் இரண்டு தந்தி சுத்தமாக வரும், சில இடங்களில் மூன்று. நான்கு தந்தி ஒன்பதாம் கார்டு வராது. பெடல் இல்லாத ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர் ஸ்டீலுக்கு நான்கு கழுத்து வரை எதற்கு வைத்தார்கள்? ஒரு சுருதியில் எல்லாக் கார்டும் கிடைக்காததால்தான். அவர்கள் கழுத்து மாறினார்கள், நாம் பெடல் மாறுகிறோம்.

இன்னொருவர்: அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை, இங்கே முந்தையவர் சொல்வதில் நியாயம் உண்டு. கழுத்து மாறுபவரால் சுரத்தை நடுவில் வளைக்க முடியாது. அதனால் கார்டு எப்போதும் முழுதாகவே வந்தது. 1954இல் வெளிவந்த பாடகர் வெப் பியர்ஸின் பாட்டில் ஸ்டீல்காரர் பட் ஐசக்ஸ் மீட்டிய பிறகு மிதித்தார். அதற்குப் பின் எல்லோருக்கும் அந்த வளைவு தொற்றிக்கொண்டது. எலும்பு போனதற்குக் காரணம் பெடல் இல்லை, மிதிக்கும் நேரம். திரும்பவும் சொல்கிறேன்: மிதித்துவிட்டு மீட்டுங்கள்.

முதலில் மறுத்தவர்: கழுத்து மாறும்போது கை எழும்புமே, அந்த இடைவெளிதான் ஸ்விங்!

பதில்: ஒப்புக்கொள்கிறேன். அந்த இடைவெளியை அடக்குதலால் உண்டாக்க வேண்டும். பெடல் வைத்திருப்பவர்கள் சோம்பலில் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: வால்யூம் பெடலை எப்படிப் பம்ப் செய்வது?

பதில்: செய்யாதீர்கள். பாதியில் நிறுத்தி வையுங்கள். தாள கிட்டார் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கார்டு வெட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் நீங்கள் ஒலியை ஏற்றி இறக்கினால் குழப்பம்.

கேள்வி: பேஞ்சோவில் இதையே...

பதில்: பேஞ்சோக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: பெடலை விட்டதும் 9ஆம் தந்தி மட்டும் சுருதிக்குத் திரும்பவில்லை. என்ன காரணம்?

பதில்: நல்ல கேள்வி. அந்தத் தந்தியைப் பெடல் 5 ஏற்றுகிறது, 8 இறக்குகிறது. பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, வலது ஓரத் தகட்டில் இருக்கும் நைலான் நட் அதிகம் இறுக்கப்பட்டு, பெடலைத் தொடாதபோதே சேஞ்சர் விரலை (தந்தியை இழுக்கும் உலோகத் துண்டை) இழுத்துப் பிடித்திருக்கும். நட்டைத் தளர்த்தி, பெடலின் இழுகம்பியில் மயிரிழை ஆட்டம் வரும்வரை விடுங்கள். பிறகு வெறும் தந்தியை முறுக்காணியில் சுருதி சேர்த்து, அதன் பின்னரே பெடலை மிதித்து நட்டில் சேருங்கள். வரிசை மாறினால் நாள் முழுக்கத் துரத்துவீர்கள். இரண்டு, இறக்கிய பின் விரலைத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். 8ஐ மிதித்து விட்டதும் சுரம் தாழ்வாகவே நின்றால் ஸ்பிரிங்கை ஒரு துளை தள்ளி மாட்டுங்கள். அதிகம் இழுத்தால் பெடல் 8 கல்லாகிவிடும்.

கேள்வி: பெடல் 6 மிதிச்சா மைனர் மாதிரி கேட்குது சார், பெடல் ரிப்பேரா?

பதில்: 8ஆம் தந்தி.